கொள்ளுத்தாத்தா எந்த நோயில் இறந்தார் என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

1918-ல் மெட்ராஸில் 'விஷ ஜுரத்தில்' போனார் என்று பாட்டி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் திதியைப் பாருங்கள். திவசம் விடாத வீட்டில் மாதமும் பட்சமும் மறக்காது. புரட்டாசிக் கடைசி, ஐப்பசி என்றால் அந்த வருஷம் கொள்ளைநோயாகப் பரவிய இன்ஃப்ளுயென்சா என்ற சந்தேகம் வலுக்கும்.

மாநகராட்சியின் பழைய இறப்புப் பதிவு கிடைத்தாலும் அதில் எழுதிய காரணத்தை அப்படியே நம்பாதீர்கள். மலேரியா, டைஃபாய்டு எல்லாமே அன்று 'ஜுரம்'தான். என்னைக் கேட்டால் வீட்டுப் பேச்சு சில சமயம் தேவலை: 'அம்மா வந்து' என்றால் அம்மை, 'எலும்புருக்கி' காசநோய், 'வாந்திபேதி' பெரும்பாலும் காலரா. 'ஜன்னி'தான் வம்பு, பல நோய்க்கும் அதே பேர். பிரசவத்துக்குப் பின் என்றால் கிருமித்தொற்றாக இருக்கலாம். காயத்துக்குப் பின் என்றால் டெட்டனஸ்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய சுகாதார அறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆள் பெயர் இருக்காது. அந்த வருஷம் என்ன பரவியது என்று தெரியும்.