அப்பாவை பர்கண்டிக்கு அழைத்துப் போகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக லியோனில் இருக்கிறேன். வருகிற செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக இங்கே வருகிறார்கள். பாரிஸில் நான்கு நாள் போக, மீதி நாட்களுக்கு எங்கே போவது என்று பேசியபோது கணவர் பர்கண்டி என்றார். போன் நகரத்துப் பழைய மருத்துவமனை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை உண்டு. அப்பாவிடம் சொன்னால், "ஒயின் விளைகிற ஊரில் எனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார். நில அளவைத் துறையில் 32 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சித்தப்பாவைக் குடியால்தான் இழந்தோம், அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் ஆகாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் சுத்த சைவம்.

போன வருடம் ஒரு சுற்றுலா வேனில் நானும் கணவரும் அங்கே போனோம். ஒரே நாளில் மூன்று ஒயின் நிலவறைகள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கோப்பை, அப்புறம் விலைப்பட்டியல். வெளியே என்ன இருந்தது என்றே பார்க்கவில்லை. குடிக்காதவர்களுக்கு அங்கே நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா? அப்பாவை வற்புறுத்துவது சரியா?

கௌ., லியோன்

அன்புள்ள கௌ.,

அப்பாவின் கேள்வி நியாயமானது. குடியால் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில் போய் ஒயினும் ஒரு பண்பாடு என்று விளக்கப் பார்க்காதீர்கள். எந்த நிலவறைக்குள்ளும் அவரை இறக்க வேண்டாம். கோப்பையைத் தொடாமலே அங்கே மூன்று நாள் நிறைவாக இருக்கலாம். நான் இருந்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நில அளவைத் துறை என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பர்கண்டிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். அங்கே பார்க்கவேண்டியதே நிலம்தான். ஆயிரம் வருடமாகப் பெயர் வைத்து, அளந்து, எல்லை போட்டு, கைமாறிக் கைமாறி வந்த நிலம்.

திஜோன் நகரத்துக்குத் தெற்கே, போன் நகரத்தைத் தாண்டி, சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரு குன்றுச் சரிவு நீண்டு கிடக்கிறது. அகலம் ஓரிரு கிலோமீட்டர்தான். இந்தச் சரிவில் 1,247 துண்டு நிலங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அந்தத் துண்டை க்ளிமா என்கிறார்கள். பொதுப் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தட்பவெப்பம் என்று பொருள். பர்கண்டிக்காரர் வாயில் அது எல்லை தெரிந்த, பெயர் உள்ள ஒரு நிலம். 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த நிலங்களைத்தான்.

பெயர்களைக் கேட்டாலே அப்பாவுக்குப் பிடிபட்டுவிடும். பெரியேர் என்றால் கல் வெட்டிய இடம். ஜெனெவ்ரியேர், ஜூனிப்பர் புதர் மண்டிக் கிடந்த இடம். க்ளோ தே மூஷ் தேனீ வளர்த்த தோட்டம். மோன்ராஷே மொட்டைக் குன்று. நம் பக்கத்தில் கல்லாங்குத்து, ஈச்சங்காடு என்று வயலுக்கு வயல் பேர் சொல்வோமே, அதே மாதிரி. நம்முடைய பேர்கள் சர்வே எண்ணுக்குள் போய் மறைந்துகொண்டிருக்கின்றன. அங்கே அந்தப் பேரைப் பாட்டிலின் மேல் அச்சடித்துக் காசு பார்க்க முடிந்ததால் பிழைத்துக் கிடக்கிறது. அந்தக் காசு இல்லையென்றால் இந்த 1,247 பேர்களில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

வயதானவர்கள் நிலத்தை இன்னும் ஊவ்ரே கணக்கில் சொல்கிறார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் மண்வெட்டியால் கொத்தி முடிக்கக்கூடிய பரப்பு அது. 428 சதுர மீட்டர், நம் கணக்கில் பத்தரை சென்ட். ஒரு மனிதனின் ஒரு நாள் உழைப்பையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

அவரைக் கட்டாயம் கூட்டிப்போக வேண்டிய இடம் அந்தச் சரிவில் உள்ள வூஜோ என்ற ஊர். சீத்தோ என்ற மடத்தை 1098-ல் நிறுவினார்கள். அந்தத் துறவிகள் சேர்த்துச் சேர்த்து உருவாக்கிச் சுற்றிலும் மதில் எழுப்பிய தோட்டம் அங்கே இருக்கிறது. சுமார் 50 ஹெக்டேர், அதாவது 125 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்தெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போய் ஏலத்துக்கு வந்தது. அதற்குப் பிறகும் இந்தத் தோட்டம் உடையாமல்தான் கைமாறிக்கொண்டிருந்தது. 1889-ல் பல பேர் சேர்ந்து வாங்கினார்கள். அப்புறம் பிள்ளைகளுக்குச் சமபங்கு, பங்கிலிருந்து பங்கு என்று போய் இன்று அதே மதிலுக்குள் சுமார் 80 உரிமையாளர்கள். உள்ளே குறுக்குச் சுவர் எதுவும் இல்லை. பார்க்க ஒரே பச்சை விரிப்பு. இன்னாருக்கு எட்டு வரிசை, இன்னாருக்குப் பன்னிரண்டு வரிசை என்பது அவரவருக்குத் தெரியும். உட்பிரிவு வழக்குகளிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர் அந்த மதில் ஓரமாக நின்று பார்க்கவேண்டும். உள்ளே துறவிகளின் திராட்சை ஆலை இருக்கிறது. முழு ஓக் மரங்களைக் கொண்டு செய்த பிழியும் பொறிகள், நம் ஊர்ச் செக்கைப் பத்து மடங்கு பெரிதாக்கியது போல. அதை அம்மாவும் ரசிப்பார்.

என் முதல் பயணமும் உங்களுடையதைப் போலத்தான் முடிந்தது. வேன், நிலவறை, விலைப்பட்டியல். இரண்டாம் முறை பொமார் என்ற ஊரிலிருந்து பக்கத்து ஊரான வோல்னேவுக்குத் தோட்டங்களுக்கு நடுவே தனியாக நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வரிசைகளின் ஓரத்தில் தேன்கூடு கவிழ்த்ததுபோல ஒரு கல் குடிசை தெரிய, ஓடிப்போய் நுழைந்தேன். உள்ளே ஏற்கெனவே ஒரு பெரியவர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கபோத் என்பார்கள் அந்தக் குடிசையை. உழும்போது மண்ணிலிருந்து கிளம்பிய கற்களையே எடுத்து, சுண்ணாம்போ களிமண்ணோ இல்லாமல், ஒவ்வொரு சுற்றையும் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கி, உச்சியில் ஒரே கல்லால் மூடிவிடுவது. வெளியே நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

மழை விட்டதும் பெரியவர் வாசலுக்குப் பக்கத்துக் கொடி ஒன்றைக் காட்டி, மண்ணுக்கு மேலே தண்டில் இருந்த முண்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒட்டுப்போட்ட தழும்பு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களையே அழித்தபோது, அந்தப் பூச்சிக்கு அசையாத அமெரிக்கச் செடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டித்தான் மீட்டார்கள். இன்றைக்கும் அப்படித்தான் நடுகிறார்கள். அந்தத் தழும்பு விரலுக்குச் சொரசொரப்பாக, ஆறிப்போன காயம் மாதிரி இருந்தது. பேர்போன நிலவறை எதிலும் எனக்கு இப்படி ஒன்று கிடைக்கவில்லை.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன போன் நகரத்துப் பழைய மருத்துவமனைக்கு ஓத்தெல் தியு என்று பெயர். அதற்கு ஒரு முழு முற்பகலை ஒதுக்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை, முடியாவிட்டால் டாக்ஸி. தெருப் பக்கம் நின்றால் சாம்பல் நிறக் கூரைதான் தெரியும். உள்முற்றத்துக்குப் போய்த் தலையைத் தூக்கினால் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பழுப்புமாக மெருகேறிய ஓடுகள் கோலம் போட்டதுபோல அடுக்கியிருக்கும்.

1443-ல் பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கொலா ரொலாங்கும் அவர் மனைவி கிகோன் த சலாங்கும் ஏழைகளுக்காக இதை நிறுவினார்கள். நூறாண்டுப் போரில் ஊரே நொடித்துப் போயிருந்த காலம். முதல் நோயாளியை 1452 ஜனவரி 1 அன்று சேர்த்தார்கள். கடைசி நோயாளிகள் 1971-ல்தான் புதிய கட்டடத்துக்கு மாறினார்கள். ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே கூடத்தில் வைத்தியம் நடந்திருக்கிறது. அந்தக் கூடம் சுமார் 50 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். படுத்த இடத்திலிருந்தே பூசையைப் பார்க்கும்படி கூடத்தின் கோடியில் சிற்றாலயம். மேலே பாருங்கள், குறுக்கு உத்திரம் ஒவ்வொன்றையும் வண்ணம் தீட்டிய ஒரு பூதம் வாயில் கவ்விக்கொண்டிருக்கும்.

கணவர் 1462-ல் இறந்த பிறகு கிகோன் அங்கேயே இருந்துவிட்டார். 1470-ல் இறந்தபோது அந்தச் சிற்றாலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். தரை ஓடுகளில் இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் பின்னிக் கிடக்கும், பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் 'இவள் ஒருத்தியே' என்ற பொருளில் ஒரு சொல்லும். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்த மருத்துவமனைக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? 1457 முதல் மக்கள் திராட்சைத் தோட்டங்களை இதற்கு எழுதிவைக்கத் தொடங்கினார்கள். நம் கல்வெட்டுச் சொல்லில் சொன்னால் நிவந்தம். இன்று சுமார் 60 ஹெக்டேர் அப்படிச் சேர்ந்திருக்கிறது. அதில் விளைவதை 1859-லிருந்து பொது ஏலம் விடுகிறார்கள், இப்போது ஒவ்வொரு நவம்பரும் மூன்றாம் ஞாயிறு. அந்தப் பணம் இன்றும் அந்த ஊர் மருத்துவமனைக்குப் போகிறது. அப்பாவின் மனவருத்தத்தை இது மாற்றும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அவர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

அங்கே ஒரு தனி அறையில் ரோஜியர் வான் டெர் வைடன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் இருக்கிறது. பலகைகளை மடித்து மூடும்படி செய்தது. முன்பு சிற்றாலயத்தில் ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் மட்டுமே திறப்பார்களாம். நடுவில் வெள்ளை உடையில் தேவதூதர் மிக்கேல் தராசு பிடித்திருக்கிறார். தட்டுகளில் இரண்டு சின்ன மனித உருவங்கள், ஒன்று புண்ணியம், ஒன்று பாவம். பாவத்தின் தட்டு கீழே இறங்கியிருக்கிறது. நரகத்துக்குப் போகிறவர்களைப் பிடித்து இழுக்க ஒரு பேய்கூட இல்லை. தாங்களாகவே, ஒருவர் தலைமுடியை ஒருவர் பற்றிக்கொண்டு, வாய்விட்டு அலறிக்கொண்டு விழுகிறார்கள். சாகக் கிடந்தவர்கள் கட்டிலிலிருந்து இதைத்தான் பார்த்தார்கள் என்று நினைத்தபோது எனக்கு அந்த அறையை விட்டு வரவே மனமில்லை.

அதே ரொலாங் பிறந்த ஊர் ஓத்தன். போன் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், வாடகைக் கார் வேண்டும். அங்கே சேன் லாசார் தேவாலய வாசலுக்கு மேலே, சுமார் 1130-ல் கல்லில் செதுக்கிய இன்னொரு இறுதித் தீர்ப்பு. இங்கே பேய்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு பேய் தராசையே பிடித்துக் கீழே இழுக்கிறது. கீழ் வரிசையில் எங்கிருந்தோ நீண்ட இரண்டு பெரிய கைகள் ஒருவன் தலையைக் கவ்வித் தூக்குகின்றன. 1766-ல் அந்த ஊர்க் குருமார்கள் இந்தச் சிற்பம் நாகரிகமாக இல்லை என்று சாந்து பூசி மூடிவிட்டார்கள். முன்னே துருத்திய கிறிஸ்துவின் தலை பூச்சுக்கு இடைஞ்சல் என்று அதை உடைத்து எடுத்தார்கள். பிரான்ஸ் முழுக்கச் சிற்பங்கள் நொறுங்கிய புரட்சிக் காலத்தில் இது பூச்சுக்குள் பத்திரமாக இருந்தது. 1837-ல் பூச்சை நீக்கினார்கள். தலையை அடையாளம் கண்டு திரும்பப் பொருத்தியது 1948-ல். கழுத்தருகே உற்றுப் பாருங்கள். ஒரு சின்ன தொலைநோக்கி கொண்டுபோனால் நல்லது.

நாள் மிஞ்சினால், லியோனுக்குத் திரும்பும் ரயில் பாதையிலேயே தூர்னு என்ற ஊர். இளஞ்சிவப்புக் கல் தூண்கள் நிறைந்த பழைய மடாலயம், ஒரு மணி நேரம் போதும். க்ளுனி மடத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். 187 மீட்டர் நீளமிருந்த பெரிய தேவாலயத்தை 1798-லிருந்து கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. இல்லாததை மனதுக்குள் கட்டிப் பார்க்க நிறைய நடக்கவேண்டும், அம்மாவால் முடியாது.

செப்டம்பர் அறுவடைக் காலம். தங்குமிடங்கள் நிரம்பிவிடும், இன்றே பதிவு செய்யுங்கள். மூன்றாம் வார இறுதியில் பாரம்பரிய நாட்கள் வருகின்றன, மற்ற நாளில் பூட்டியே கிடக்கும் பல வாசல்கள் அப்போது திறக்கும். சாப்பாட்டில் கவனம் வேண்டும். முட்டையைக்கூட அங்கே சிவப்பு ஒயினில்தான் வேகவைப்பார்கள், குழம்புகளிலும் அதை ஊற்றுவார்கள். கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். சனிக்கிழமை போன் நகரச் சந்தையில் ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி தாராளமாகக் கிடைக்கும். முதல் நாளுக்கு வீட்டிலிருந்தே தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

அப்பாவை வற்புறுத்த வேண்டாம். நெப்போலியன் காலத்தில் தொடங்கிய நில அளவையின் கிராம வரைபடங்களை போன் நகரம் இருக்கும் கோத் தோர் மாவட்டத்தின் ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பொமார் வரைபடம் ஒன்றை எடுத்து இப்போதே அவருக்கு அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எண், எல்லைக்கோடு, வண்டிப்பாதை எல்லாம் இருக்கும். மொழி தெரியாமலே அவரால் அதைப் படிக்க முடியும்.