சில்வர்ஸ்டோன் பந்தயத் தடம் உருவான கதை என்ன? இலங்கையில் அப்படி ஒன்று ஏன் வளரவில்லை?

இங்கிலாந்தின் கார்ப் பந்தயத் தடமான சில்வர்ஸ்டோனைப் பந்தயத்துக்கென்று யாரும் கட்டவில்லை. வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களுக்கான ஆட்களைப் பயிற்றுவிக்க 1943இல் திறந்த விமானத்தளம் அது. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மூன்று ஓடுபாதைகள், அவற்றைச் சுற்றி விமானங்கள் ஊர்ந்து போக ஒரு விளிம்புப் பாதை. அக்காலப் பிரித்தானிய விமானத்தளங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. கொழும்பில் அதே காலத்தில் நேர்மாறாக நடந்தது. கொழும்பு 7இல் இருந்த குதிரைப் பந்தயத் திடலை விமானத்தளமாக்கினார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் நகரைத் தாக்கியபோது ஹரிக்கேன் போர்விமானங்கள் அங்கிருந்தும் கிளம்பின. இன்று ரேஸ்கோர்ஸ் கடைத்தொகுதிக்குச் சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

போர் முடிந்தபோது இங்கிலாந்தில் கார் ஓட்ட ஆட்கள் இருந்தார்கள், தடம் இல்லை. போருக்கு முன் பந்தயம் நடந்த தடங்களில் புரூக்லண்ட்ஸை விமானத் தொழிற்சாலை விழுங்கியிருந்தது. டொனிங்டன் இராணுவ வாகனக் கிடங்காகியிருந்தது. கைவிடப்பட்ட விமானத்தளங்களோ நாடெங்கும் கிடந்தன. 1947இல் சில நண்பர்கள் யாரிடமும் கேட்காமல் சில்வர்ஸ்டோனுக்குள் புகுந்து தங்களுக்குள் பந்தயம் வைத்தார்கள். அங்கே மேய்ந்த ஆடு ஒன்றில் ஒரு கார் மோத, ஆடும் போயிற்று, காரும் போயிற்று. ‘ஆட்டிறைச்சி கிராண்ட் பிரீ’ என்று அதைக் கேலியாகச் சொல்வார்கள்.

அடுத்த ஆண்டு ரோயல் ஒட்டோமொபைல் கிளப் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, 1948 ஒக்டோபர் 2 அன்று முறையான கிராண்ட் பிரீ நடத்தியது. மசராட்டி ஓட்டிய லூயிஜி வில்லொரேசி வென்றார். வைக்கோல் கட்டுகளும் கயிறுகளும்தான் பாதுகாப்பு. அன்றைய தடம் ஓடுபாதைகளையும் பயன்படுத்தியதால், இரு திசைகளிலிருந்து வரும் கார்கள் நடுவில் ஒன்றை நோக்கி ஒன்று பாய்ந்து, கடைசி நேரத்தில் திரும்ப வேண்டியிருந்தது. எதிரே வரும் காரைக் கண்டு ஓட்டுநர் மிரளக் கூடாதென்று இடையில் கித்தான் திரை கட்டினார்கள்! 1949இல் ஓடுபாதைகளை விட்டுவிட்டு விளிம்புப் பாதைக்கு மாறினார்கள். இன்றைய தடத்தின் அடிப்படை அதுதான். 1950 மே 13 அன்று போர்முலா 1 உலகச் சம்பியன் தொடரின் முதல் பந்தயம் அங்கேயே நடந்தது. அல்பா ரோமியோவில் பரீனா வென்றார், ஆறாம் ஜோர்ஜ் மன்னர் நேரில் பார்த்தார். சயாம் இளவரசர் பீரா அன்று ஓடினார் என்பதை நம் பக்கத்து ஆட்கள் யாரும் சொல்வதில்லை. ஆசியர் ஒருவர் முதல் நாளிலிருந்தே களத்தில் இருந்திருக்கிறார்.

அதன்பின் நடந்த மாற்றங்களுக்கெல்லாம் வேகம்தான் காரணம். விமானத்தளம் தட்டையானது, அகலமானது, காரை மெதுவாக்க அங்கே எதுவும் இல்லை. 1973இல் முதல் சுற்றின் முடிவில் வூட்கோட் வளைவில் ஜோடி ஷெக்டரின் கார் சுழல, பின்னால் வந்தவை வரிசையாக மோதின. பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. 1975 பந்தயத்துக்குள் அந்த வளைவில் ஒரு நெளிவு போட்டு வேகத்தைக் குறைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 1985இல், கேகே ரொஸ்பெர்க் தகுதிச் சுற்றில் சராசரியாக மணிக்கு 258.98 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினார். 1987இல் இன்னொரு நெளிவு வந்தது. 1991இல் தடத்தையே பெரிதாக மாற்றினார்கள். மாகொட்ஸ், பெக்கெட்ஸ், சப்பல் என்று இடமும் வலமுமாகப் பாம்பு போல் வளையும் பகுதி அப்போது வந்ததுதான். பந்தய உலகில் அதைவிட அழகான இடம் எனக்குத் தெரியாது. 2010இல் சேர்த்த உட்பகுதி என்னை அவ்வளவாகக் கவரவில்லை. இன்று ஒரு சுற்று 5.891 கிலோமீற்றர். 1948இல் கயிறு கட்டி ஓடிய தடமும் ஏறக்குறைய அதே நீளம்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நமக்கும் அதே முதலீடு கிடைத்தது. களுத்துறைக்குத் தெற்கே கட்டுகுருந்தவில் பிரித்தானியக் கடற்படை போர்க்கால விமானத்தளம் ஒன்றை விட்டுச் சென்றது. போருக்குப் பிறகு அதிலும் மோட்டார் பந்தயம் நடந்தது. வெள்ளவத்தையில் இருந்த என் மாமா கரையோர ரயிலில் அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போன கதையை இன்றும் விடாமல் சொல்வார்.

வித்தியாசம் காணி உறுதியில் இருக்கிறது. சில்வர்ஸ்டோனை 1952இல் பிரித்தானியப் பந்தய ஓட்டுநர் கழகம் குத்தகைக்கு எடுத்து, 1971இல் நிலத்தையே வாங்கிவிட்டது. வளைவை இடிக்கவோ சரளை கொட்டவோ மேடை கட்டவோ இன்னொருவரிடம் போய் நிற்கத் தேவையில்லை. கட்டுகுருந்த அரசின் கையில் இருக்கிறது, விசேட அதிரடிப் படையின் பயிற்சிக் கல்லூரியும் அந்த ஊரில்தான். பந்தயம் அங்கே எப்போதும் விருந்தாளி. விருந்தாளி சுவர் எழுப்ப மாட்டான். 2011இல் கொழும்புக் கோட்டை வீதிகளில் நடந்த இரவுப் பந்தயமும் அப்படித்தான், முடிந்ததும் தடுப்புகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

‘இங்கிலாந்தில் பணம் இருந்தது’ என்பீர்கள். சென்னையைப் பாருங்கள். அங்கேயும் பந்தயம் சோழவரத்தின் போர்க்கால ஓடுபாதையில்தான் வளர்ந்தது. ஆனால் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதோடு நிற்காமல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் வாங்கி, 1990இல் சுமார் 3.7 கிலோமீற்றர் தடத்தைத் திறந்தது. நம்மிடம் ஆர்வம் குறைவு என்று சொல்லவும் முடியாது. நுவரெலியாவில் மலைப்பாதையில் வாகனங்கள் ஏறும் மஹகஸ்தோட்டைப் பந்தயம் 1934இலேயே தொடங்கிவிட்டது, சில்வர்ஸ்டோனில் விமானம் இறங்குவதற்கு முன்பே.

நிரந்தரத் தடம் வெறும் பெருமைக்கு வேண்டியதல்ல. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் மீது பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். தடத்துக்கும் ஆளுக்கும் நடுவே எவ்வளவு வெற்று நிலம் விடுவது என்பதைத்தான் சில்வர்ஸ்டோன் எழுபது ஆண்டுகளாக இடித்துக் கட்டிக் கற்றுக்கொண்டது. ஏப்ரல் விடுமுறையில் மலைநாட்டுக்குப் பந்தயம் பார்க்கப் போவதாக இருந்தால், வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். உட்பக்கத்தில், பாதையை விட உயரமான மண்மேடாகப் பார்த்து, பின்னால் ஒதுங்க இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.