உரம் வைத்தும் பழமரங்களின் இலை மஞ்சளாகவே இருக்கிறது. அடுத்து எந்த உரம் போடலாம்?

மஞ்சள் எந்த இலையில் என்று நீங்கள் எழுதவில்லை. பாதி விடை அதில்தான் இருக்கிறது.

தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் மூன்றும் மரத்துக்குள் இடம் மாறக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைகள்தான் முதலில் வெளுக்கும். இரும்பு, துத்தநாகம், கால்சியம், போரான் எல்லாம் அவ்வளவு எளிதில் நகராது. அவற்றின் குறை கொழுந்தில்தான் தெரியும்.

ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இளம் இலையில் நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரிந்து, இடையெல்லாம் வெளிர் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் இரும்பு. இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, நுனியில் கொத்தாக நின்றால் துத்தநாகம். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மரங்களின் முதிர்ந்த இலையில் காம்பை ஒட்டி முக்கோணமாகப் பச்சை மிஞ்சி, மற்ற இடமெல்லாம் மஞ்சளானால் மெக்னீசியம். முதிர்ந்த இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் மட்டும் தழைச்சத்தை நினைக்கலாம். ஆனால் மஞ்சளைக் கண்டதும் எல்லாரும் முதலில் தூக்குவது யூரியா மூட்டையைத்தான்!

சரி, இரும்புதான் என்று தெரிந்துவிட்டது. உடனே வாங்கிக் கொட்ட வேண்டாம். பெரும்பாலான மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கார அமில நிலை (pH) 7.5-ஐத் தாண்டும்போது அது கரையாமல் கிடக்கிறது, வேருக்கு எட்டுவதில்லை. அங்கே இரும்பு உரமான ஃபெரஸ் சல்பேட்டை மண்ணில் போட்டால் அதுவும் சீக்கிரமே அதே கதிக்கு வந்துவிடும். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் கீலேட் உரத்திலும் ஈடிடிஏ வகை கார மண்ணில் நிலைக்காது. ஈடிடிஎச்ஏ வகைதான் தாக்குப்பிடிக்கும், ஆனால் விலை கூடுதல். இலைவழியாகத் தெளித்தால் பட்ட இலை பச்சையாகும், அடுத்த துளிர் பழையபடி மஞ்சளாகவே வரும். அப்புறம், தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். காற்றில்லாத மண்ணில் வேரால் இரும்பை எடுக்க முடியாது. வடிகால் வெட்டி, பாசன இடைவெளியைக் கூட்டியதுமே அடுத்த துளிர் பச்சையாக வந்த மரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வருடா வருடம் கணக்கில்லாமல் டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) போடுகிறவராக இருந்தால் அதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணைவிட்டு எளிதில் போகாது. சேரச் சேர மரத்துக்குத் துத்தநாகம் கிடைப்பதைக் கெடுக்கும். தழைச்சத்து மிஞ்சினாலும் வம்புதான்: தழை மதமதவென்று வளரும், பூ குறையும், சாறு உறிஞ்சும் பூச்சி வந்து உட்காரும்.

உரத்தை எங்கே வைக்கிறீர்கள்? தூரை ஒட்டிக் கொட்டினால் பெரும்பகுதி வீண். கிளைகள் முடியும் விளிம்புக்கு நேர் கீழே களைக்கொத்தால் மேல்மண்ணை மெல்லக் கிளறிப் பாருங்கள், நூல் நூலாக வெளிர்நிற வேர்கள் வரும். சத்தை உறிஞ்சுபவை அவைதான், உரம் அங்கே சேர வேண்டும். சொட்டுநீர்த் தோட்டமென்றால் ஈரம் பரவும் இடத்திலேயே வேர் குவிந்திருக்கும், உரமும் அங்கேதான். மேலே மட்கிய தொழுவுரமும் மூடாக்கும் போட்டால் அந்த வேர்கள் காயாமல் இருக்கும்.

பழமரத்துக்கு மண் பரிசோதனை மட்டும் போதாது என்பது என் கருத்து. மண்ணில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லும், மரம் எதை எடுத்தது என்பதை இலைச் சோதனைதான் காட்டும். மாமரத்துக்கு 4 முதல் 7 மாத வயதுள்ள இலையைக் கிளையின் நடுப்பகுதியிலிருந்து எடுப்பார்கள். கொழுந்தையோ பழுத்த இலையையோ அனுப்பினால் முடிவு தப்பாகவே வரும். மண் மாதிரியை 0–30, 30–60 சென்டிமீட்டர் ஆழங்களில் தனித்தனியாக எடுங்கள். நன்றாக இருக்கும் மரத்தின் இலையையும் மஞ்சளான மரத்தின் இலையையும் ஒரே பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியே அனுப்பி, வரும் எண்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு உரம் வாங்கலாம்.