எடுத்தது எவ்வளவு, எதற்காக?

கேள்வி: எனக்கு 52 வயது. அம்மாபேட்டையில் தறி ஓட்டும் குடும்பம். கட்டியும் அதிக ரத்தப்போக்கும் இருந்ததால் 2017-ல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். போன மாதம் எங்கள் பக்கத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம் நடந்தது. "உங்களுக்குத்தான் எடுத்தாச்சே, வேண்டாம்" என்று நர்ஸ் அனுப்பிவிட்டார். என் நாத்தனாருக்கும் எடுத்தாகிவிட்டது. அவரை மட்டும் வருடா வருடம் டெஸ்டுக்கு வரச் சொல்கிறாராம் டாக்டர். எது சரி?
– அம்மாபேட்டை வாசகி

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம் அம்மா. உங்கள் இருவருடைய ஆபரேஷன் காகிதங்களைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏற்காட்டுப் பேரிக்காய் ஒன்றைக் காம்பு கீழே வரும்படி பிடித்துப் பாருங்கள். கர்ப்பப்பை அப்படித்தான் இருக்கும். காம்பை ஒட்டி ஒடுங்கும் பகுதிதான் வாய். பெரும்பாலும் முழுசாகவே எடுப்பார்கள். சிலருக்கு மேல்பகுதியை மட்டும் எடுத்து, வாயை அப்படியே விட்டிருப்பார்கள். அவர்கள் கர்ப்பப்பை உள்ள பெண்களைப் போலவே பரிசோதனையைத் தொடர வேண்டும். நம் நாட்டு அரசுத் திட்டப்படி 30 வயதிலிருந்து 65 வரை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

வாயோடு சேர்த்து எடுத்திருந்தால், அடுத்த கேள்வி எதற்காக எடுத்தார்கள் என்பது. கட்டி, ரத்தப்போக்கு, அடி இறக்கம் போன்ற காரணம் என்றால், அதற்கு முன்பும் வாய்ப்பகுதியில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருந்ததில்லை என்றால், இனி இந்தப் பரிசோதனை வேண்டாம். முகாமில் பெரும்பாலும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை வாய்ப்பகுதியில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தடவ வாயே இல்லாதபோது நர்ஸ் என்ன செய்வார்?

"இருந்தாலும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டா நிம்மதிங்க டாக்டர்" என்பவர்கள் உண்டு. காரணம் இல்லாமல் எடுக்கும் டெஸ்டில் நோய் அகப்படுவது மிக அபூர்வம். வீண் சந்தேகம் கிளம்பி இன்னும் இரண்டு டெஸ்ட், ஒரு நாள் தறி நின்றது என்று முடிவதுதான் அதிகம். சினைப்பையில் பிரச்சினை இருந்தாலும் இந்த டெஸ்ட் அதைக் காட்டாது.

நாத்தனார் கதை வேறாக இருக்கலாம். அவருடைய ரிப்போர்ட்டில் 'சி.ஐ.என். 2' அல்லது '3' என்று இருந்திருந்தால், அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. கர்ப்பப்பை போனாலும், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் பிறப்புறுப்பின் மேல்முனையில் தங்கி, அங்கே அதே மாற்றத்தை உண்டாக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு ஒரு எச்.பி.வி. டெஸ்ட், பிறகு மூன்று வருடத்துக்கு ஒன்று, குறைந்தது 25 வருடம் என்கிறது 2020-ல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல். புற்றுநோய்க்கே ஆபரேஷன் ஆனவர்களுக்கு அட்டவணை வேறு; அதை அவர்களுடைய டாக்டர்தான் சொல்வார்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பெண்கள் பெரிய ஸ்கேன் ஃபிலிமைக் கவரோடு பத்திரமாக ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். நான் தேடுவது பயாப்ஸி ரிப்போர்ட், அதாவது எடுத்த கர்ப்பப்பையை லேபில் பரிசோதித்துத் தரும் காகிதம். அது டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வரும். தையல் பிரித்ததோடு யாரும் அதை வாங்கப் போவதில்லை. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் உங்கள் ஐ.பி. நம்பரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லையா, பெரியாஸ்பத்திரி மகளிர் ஓ.பி.க்குப் போங்கள். வாய் இருக்கிறதா இல்லையா என்பது கருவி வைத்துப் பார்த்தால் அங்கேயே தெரிந்துவிடும். எதற்காக எடுத்தார்கள் என்பதைத்தான் எந்தக் கருவியும் சொல்லாது.

கேள்வி: வயது 63. அடி இறக்கத்துக்காகக் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து வெகுநாள் ஆகிறது. இப்போது சில நாளாகத் துணியில் லேசாக ரத்தக்கறை. எஸ்டேட்டில் காபிப் பழம் எடுப்பு முடிந்ததும் மகளோடு சேலம் வரலாமா?
– ஏற்காடு வாசகி

பதில்: பழம் எடுப்பு முடியும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே இறங்கி வாருங்கள். மேலே சொன்ன 'வேண்டாம்' எல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. ரத்தம் பட்டால் கணக்கே வேறு. உங்கள் வயதில் பெரும்பாலும் அந்த இடம் வறண்டு புண்ணாவதுதான் காரணம், மருந்தில் சரியாகும். சிறுநீர் வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ வரும் ரத்தமாகவும் இருக்கலாம். நேரில் பார்க்காமல் எதையும் நான் சொல்ல மாட்டேன். மகளுக்கு 30 தாண்டியிருந்தால் அவருக்கும் அன்றே பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள்.