என்1 எட்ட எத்தனை வருடம்? அயல்மொழி கற்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 27. ஜப்பானிய மொழியை அடியிலிருந்து தொடங்கி இரண்டு வருடத்தில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்ச நிலையான என்1 தேறிவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறேன். தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியும். நடக்குமா?
– பொறியாளர், ஓசூர்

இரண்டு வருடத்தில் நடக்காது. ஐந்து, ஆறு வருடத்தில் நடக்கும். இலக்கைக் குறைக்க வேண்டாம், காலத்தை மட்டும் சரியாகப் போடுங்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்க ஒதுக்கும் வகுப்பு நேரம் 2,200 மணி. அதுவும் 88 வாரம் முழுநேரப் படிப்பு, வீட்டுப்பாடம் தனி. உங்கள் ஒன்றரை மணி நேரத்தை, காய்ச்சல், கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாம் கழித்து வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 450 மணி வருகிறது. இரண்டு வருடத்தில் 900தான் சேரும். 2,200ஐத் தொட ஐந்து வருடம் ஆகிவிடும்.

அந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கானது. இலக்கணத்தில் உங்களுக்கு நல்ல சலுகை உண்டு. வினை கடைசியில் வரும். நம் வேற்றுமை உருபுபோலவே பெயருக்குப் பின்னால் சிறு சொற்கள் ஒட்டும். ‘தோக்கியோ நி இகு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் ‘தோக்கியோவுக்குப் போகிறேன்’ என்று எடுத்துக்கொள்ளலாம். குறில் நெடில் வேறுபாடும், மெய் இரட்டிப்பதும் நமக்குப் பழக்கமானவை. மற்ற நாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. சலுகை இல்லாத இடம், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள். ஜப்பான் அரசின் 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று 2,136 கான்ஜி இருக்கின்றன. என்1 எழுதப் போகிறவர் ஏறக்குறைய அத்தனையையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நேரத்தைத் தின்பது இதுதான்.

முதல் மாதத்தில் ஹிராகானா, கதகானா என்ற ஒலியெழுத்து வரிசைகள் இரண்டையும் முடித்துவிடுங்கள். அடிப்படை எழுத்துகள் ஒவ்வொன்றிலும் 46. அதற்குப் பிறகு ரோமன் எழுத்தில் அச்சிட்ட பாடத்தைத் தொடவே வேண்டாம். அதில் ஆறு மாதம் ஓட்டியவர்கள் பிறகு ஜப்பானியப் பக்கத்தைப் பார்த்தாலே மிரள்கிறார்கள். தேர்வில் ஐந்து நிலைகள், என்5 அடி, என்1 உச்சி. முதல் வருடக் கடைசியில் என்4, மூன்றாம் வருட நடுவில் என்3, நான்காம் வருடக் கடைசியில் என்2, ஆறாம் வருடம் என்1. என்5 எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சென்னை ஒரு தேர்வு மையம். விண்ணப்பக் காலம் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும் என்பதால் நாட்காட்டியில் தேர்வு நாளோடு விண்ணப்ப நாளையும் குறித்து வையுங்கள்.

என்1 தேற 180க்கு 100 மதிப்பெண் வேண்டும். மூன்று பகுதிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் 60க்கு 19 குறைந்தபட்சம். சொல்-இலக்கணத்தில் 55, வாசிப்பில் 55, கேட்டலில் 18 வாங்கினால் மொத்தம் 128 இருந்தும் தோல்விதான். புத்தகத்தை மட்டுமே வைத்துப் படிப்பவர்கள் விழுவது கேட்டலில். தொழிற்சாலைக்குப் போகும் பஸ் நேரத்தை அதற்கு எழுதி வையுங்கள்.

இன்னொன்று முக்கியம். இந்தத் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். என்2 சான்றிதழ் கையில் இருந்தும் மீட்டிங்கில் வாய் திறக்காதவர்கள் உருவாவது இதனால்தான். ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பேச்சு இலக்கைச் சேர்த்து வையுங்கள். என்4 எழுதும்போது, ஐந்து நிமிடம் நிறுத்தாமல் உங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்3 கட்டத்தில், ஒரு உதிரிபாகத்தில் வந்த குறையை – எந்த ஷிப்டில் வந்தது, எத்தனை பீஸ், காரணம் என்ன, மறுபடி வராமலிருக்க என்ன செய்திருக்கிறோம் – ஜப்பானிய மேற்பார்வையாளரிடம் விளக்க வேண்டும். அப்போது உச்சரிப்பில் நம்மவர்கள் சறுக்கும் ஒரு இடத்தையும் கவனியுங்கள். க, ட, த, ப வரிசைகளின் வன்மை மென்மையைத் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டுவதில்லை. ஜப்பானியில் அது பொருளையே மாற்றும். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியை வன்மையாகச் சொன்னால் படிப்பைப் பாதியில் விட்டதாகப் பொருள் வந்துவிடும். இந்த ஜோடிச் சொற்களைப் பதிவு செய்து, ஒரு ஆசிரியரைக் கேட்கச் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

சொல் அட்டைகளைத் திருப்பிப் பார்க்க வைக்கும் ஆங்கி செயலியில் தினம் 30 புதிய சொல் என்று ஆரம்பித்தேன். இப்போது 1,400 அட்டைகள் பாக்கி நிற்கின்றன. திறக்கவே பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

அழிக்காதீர்கள். அந்த 1,400இல் பாதிக்கு மேல் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

பாக்கி சேர்ந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கணக்கு. தினம் சேர்க்கும் புதிய அட்டைகளைப் போல ஏழு முதல் பத்து மடங்கு திருப்புதல் சில வாரங்களில் தினமும் வந்து நிற்கும். 30 புதியது என்றால் 200 முதல் 300. ஒரு அட்டைக்கு எட்டு விநாடி என்றாலும் 300க்கு 40 நிமிடம். கல்லூரி நாளில் அது தாங்காது. இரண்டு நாள் விட்டால் அணை உடைந்த மாதிரிதான்.

இன்றைக்கே அமைப்பில் போய் புதிய அட்டை எண்ணிக்கையைப் பூஜ்யம் ஆக்குங்கள். திருப்புதலுக்கு ஒரு நாளைக்கு 200 என்று உச்சவரம்பு வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பாக்கி வடிந்துவிடும். இடையில், எட்டு முறை தவறிய அட்டைகளைச் செயலியே ‘லீச்’ என்று அடையாளம் போடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். அவற்றை மறுபடி உள்ளே இழுக்காதீர்கள். ஒரு சொல் எட்டு முறை தவறுகிறது என்றால் அட்டை சரியில்லை என்று பொருள். பெரும்பாலும் அது வாக்கியம் எதுவும் இல்லாமல் தனிச்சொல்லாக நிற்கும், அல்லது அதே சாயலில் இன்னொரு சொல் இருந்து இரண்டும் குழம்பும், அல்லது ஒரே அட்டையில் நான்கு பொருளை அடைத்திருப்பீர்கள். நீங்கள் பாடத்தில் படித்த ஒரு வாக்கியத்தோடு, ஒரே ஒரு பொருளுக்கு, புதிதாக எழுதுங்கள்.

வடிந்த பிறகு தினம் 10க்கு மேல் போக வேண்டாம். 300 நாளில் 3,000 சொல். எந்த மொழியிலும் ஒரு வருடத்துக்கு அது மிகப் பெரிய அறுவடை. தேர்வு வாரத்தில் புதியதை நிறுத்துங்கள், திருப்புதலை மட்டும் நிறுத்தாதீர்கள்.

நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனி போக, கோயத்தே நிறுவனத்தின் ஜெர்மன் மொழித் தேர்வில், ஆறு நிலைகளில் நான்காவதான பி2 எழுதினேன். வாசித்தலிலும் பேச்சிலும் தேறிவிட்டேன். எழுத்தில் 52, கேட்டலில் 57. மறுபடி நான்கையும் எழுத வேண்டுமா? எட்டு மாதம் கையில் இருக்கிறது.
– செவிலியர், நாகர்கோவில்

வேண்டாம். பி2வில் நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 60 எடுத்தால் தேர்ச்சி. தவறிய இரண்டை மட்டும் எழுதினால் போதும். எட்டு மாதம் தாராளம். நான்காவது மாதத்தில் ஒருமுறை எழுதிவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு வாய்ப்புக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கு 75 நிமிடம். முதல் வேலை, ஒரு பொதுப் பிரச்சினை பற்றி 150 சொல்லில் கருத்து. இரண்டாவது, 100 சொல்லில் முறையான ஒரு செய்தி. இரண்டிலும் நான்கு குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். அழகாக எழுதி ஒரு குறிப்பை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும். எழுதத் தொடங்குமுன் நான்கையும் எண்ணிட்டு, முடித்ததும் எதிரே டிக் போடுங்கள். மேலதிகாரிக்கு எழுதும் செய்தியில் பாதியில் ‘டூ’ (நீ) நுழைந்துவிட்டால் அதற்கும் கழிவு உண்டு; தொடக்கம் முதல் முடிவு வாழ்த்து வரை ‘ஸீ’, அதாவது ‘நீங்கள்’தான்.

தமிழர்கள் ஒரே மாதிரி செய்யும் இலக்கணப் பிழை வினையின் இடம். ‘வைல்’ (ஏனென்றால்) என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவது நம் மொழிக்கு இயல்பு என்பதால் சுலபமாக வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் ‘தெஸ்ஹல்ப்’ (ஆகவே) போட்ட பிறகும் வினையைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே வினை உடனே அடுத்த இடத்தில் நிற்க வேண்டும். உங்கள் பழைய விடைகளில் பத்தை எடுத்து, வினைகளை மட்டும் சிவப்பில் வட்டமிட்டுப் பாருங்கள், எங்கே தவறுகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெயர்ச்சொல்லை, அதன் பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் இல்லாமலும் பன்மை இல்லாமலும் நோட்டில் எழுதும் வழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள்.

கேட்டலில் சில பகுதிகள் ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லவில் மெதுவாக வாசிக்கும் செய்தி, எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று நிமிடத் துண்டு ஒன்றை எழுத்தைப் பார்க்காமல் ஒருமுறை கேட்டுப் புரிந்ததை எழுதுங்கள். இரண்டாம் முறை கேட்டு விட்டதைச் சேருங்கள். பிறகு எழுத்தைத் திறந்து தவறவிட்ட இடங்களை அடிக்கோடிடுங்கள். அவற்றில் சொல்லே தெரியாதவை எவை, சொல் தெரிந்தும் காதில் விழாதவை எவை என்று பிரியுங்கள். முதல் வகைக்கு அட்டை. இரண்டாம் வகைக்கு அந்த வாக்கியத்தை ஒலியோடு சேர்ந்து பத்து முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் 57ஐத் தூக்கப் போவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். இரண்டு மாதம் போனதும் இயல்பு வேகச் செய்திக்கு மாறிவிடுங்கள், மெதுவாகவே கேட்டுக்கொண்டிருந்தால் தேர்வில் வேகம் அதிர்ச்சியாக இருக்கும்.

பி2வோடு படிப்பை முடித்துவிடாதீர்கள். வார்டில் ஷிப்ட் மாற்றும்போது நோயாளியின் நிலையை ஒப்படைப்பது, வலியின் தன்மையை விசாரிப்பது, வயதானவர்களின் வட்டாரப் பேச்சைப் புரிந்துகொள்வது எதுவும் இந்தத் தேர்வில் இல்லை. உங்கள் பணி அங்கீகாரத்துக்கு எந்த நிலை, எந்தத் துறைசார் மொழித் தேர்வு வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போகப்போகும் மாநிலத்தின் அங்கீகார அலுவலகத்திலிருந்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பத்து வருடத்தில் ஐந்து ஐரோப்பிய மொழிகள் கற்க ஆசை. வாரம் 10 மணி நேரம் கிடைக்கும். எந்த வரிசையில் படிக்கலாம்?
– ஆசிரியர், கோவை

மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்கும் நேரம் இருக்கிறது, காக்கும் நேரம்தான் இல்லை. கற்ற மொழி மங்காமலிருக்க வாரம் குறைந்தது இரண்டு மணி நேரமாவது கொடுக்க வேண்டும். நான்கு மொழியைக் காப்பதற்கே எட்டு மணி போய்விட்டால், ஐந்தாவதுக்கு மிஞ்சும் இரண்டு மணியில் அது ஆரம்ப நிலையிலேயே நிற்கும்.

பிரெஞ்சில் தொடங்குங்கள். ஆங்கிலம் தெரிந்தவருக்குச் சொற்களில் கணிசமான பங்கு முன்பே அறிமுகம். உங்கள் நேரத்துக்கு இரண்டரை வருடத்தில் டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வில் பி2 எழுதலாம். மொத்தம் 100க்கு 50 வேண்டும், நான்கு பகுதியிலும் 25க்கு 5க்குக் குறையக் கூடாது. சான்றிதழ் காலாவதி ஆகாது. பிரெஞ்சு பி2வைத் தொடும் முன் ஸ்பானிஷை எடுக்க வேண்டாம். பி1இல் விட்ட மொழி ஒரு வருடத்தில் உதிர்ந்துவிடும். ஸ்பானிஷும் இத்தாலியமும் சேர்த்துப் படிப்பது இன்னும் மோசம், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து பேச்சில் வந்து விழும். மூன்றாவதாக ஜெர்மனோ ரஷ்யனோ, உங்களுக்கு உண்மையில் யாரோடாவது பேச வேண்டிய மொழியை எடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் குறிப்பில்லாமல் பேசிப் பதிவு செய்து, தேதி போட்டு வையுங்கள். செயலி காட்டும் தொடர் நாள் எண்ணிக்கை நீங்கள் வந்து போனதைத்தான் சொல்லும், முன்னேற்றத்தைக் காட்டாது.

வயது 63. இனிமேல் ஒரு மொழி தொடங்கினால் தலையில் ஏறுமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தஞ்சாவூர்

ஏறும். ஹங்கேரியின் புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் காத்தோ லோம்ப் தன் எண்பதுகளிலும் ஹீப்ரு படித்தார். நாவலைக் கையில் எடுத்து, எல்லாச் சொல்லுக்கும் அகராதி புரட்டாமல், திரும்பத் திரும்ப வருவதை மட்டும் பார்த்துக்கொண்டு படிப்பது அவருடைய முறை. உங்கள் வயதில் புதிய சொற்கள் மெதுவாக நிற்கும். தினம் ஐந்து போதும். கேட்டலில் சத்தம் தெளிவில்லை என்றால் மொழியைக் குறை சொல்லுமுன் காதைப் பரிசோதித்துவிடுங்கள், நல்ல ஹெட்போன் வாங்குங்கள். படிப்பைக் காலையில் 30, மாலையில் 20 நிமிடம் என்று பிரித்து வைப்பது ஒரே மூச்சில் உட்காருவதைவிட நன்றாக நிற்கும்.