நாள் முழுக்க நின்றால் கணுக்கால் வீங்குவது ஏன்? முழங்கால் மூட்டில் நீர் கோப்பதும் இதேதானா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்பவர்களுக்கு இது தெரியும். சாயங்காலம் செருப்பு வார் இறுகும், கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். இரத்தக் குழாயிலிருந்து கசிந்த நீர் திசுவில் தேங்குவதுதான் நீர்வீக்கம்.

நுண்குழாய்கள், அதாவது மிக மெல்லிய இரத்தக் குழாய்கள், உசிலம்பட்டி மல்லிகைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் மாதிரி. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் கசிகிறது. கடைக்கோடியை அடைத்தால் கசிவு கூடும். உடம்பில் இன்னொன்றும் உண்டு. இரத்தத்திலுள்ள அல்புமின் போன்ற புரதங்கள் சுமார் 25 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கும். மிச்சக் கசிவை நிணநீர்க் குழாய்கள் வாரிக்கொண்டு போய்விடும். ஆனால் அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் (இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாயில்) அழுத்தம் 90 வரை ஏறும், இழுப்பு தோற்றுப்போகும். நடந்தால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளி, அந்த அழுத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். சும்மா நிற்பதுதான் வில்லங்கம்.

முழங்கால் மூட்டுக்குள் கதை வேறு. அங்கே அழற்சி வந்தால் நுண்குழாய்கள் விரிந்து, சுவரின் இடைவெளிகள் அகன்று, புரதமும் வெளியே கசியும். அந்தப் புரதம் நீரை மூட்டுக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் காலைத் தூக்கி வைத்ததும் கணுக்கால் வடிவதுபோல் முழங்கால் வடிவதில்லை. ஒரே கால் திடீரென வீங்கி வலித்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம்.

அப்புறம், 'பி.பி. ஏறினால் கால் வீங்கும்' என்பார்கள்: கையில் பட்டை கட்டிப் பார்ப்பது தமனியின் (இதயத்திலிருந்து இரத்தம் வரும் குழாயின்) அழுத்தம், நுண்குழாய்க்கு வருவதற்குள் அது வெகுவாகக் குறைந்துவிடும்; சொல்லப்போனால், அம்லோடிபின் போன்ற பி.பி. மாத்திரைதான் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கிறது.