லாபம் நிற்கிறது, சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் இல்லை

கேள்வி: திருப்பூரில் 18 மெஷின் வைத்து பவர் டேபிள் (கூலிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்துகிறேன். போன வருடம் மாதம் 4 லட்சத்துக்குப் பில் போட்டேன், இப்போது 6 லட்சம். வாரச் சம்பளம் 90,000 ரூபாய். வாடகை, கரண்ட், ஊசி, ரிப்பேர், மெஷின் டியூ எல்லாம் போக மாதம் ஒரு லட்சம் நிற்பதாகக் கணக்கு சொல்கிறது. வீட்டுக்கு 40,000 எடுக்கிறேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவு தூக்கம் இல்லை. மூன்று வட்டிக்கு 3 லட்சம் வாங்கிவிட்டேன். எனக்குத் தையல் வேலை தரும் பார்ட்டி 90 நாளில்தான் பணம் தருகிறார். அவரே இன்னும் வேலை தரத் தயார் என்கிறார். மனைவியின் நகையை வைத்து 6 மெஷின் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: இப்போது மெஷின் போடாதீர்கள். போட்டால் இன்னும் சிரமப்படுவீர்கள் என்பதுதான் என் பயம்.

உங்கள் தொழிலில் நஷ்டம் இல்லை. நீங்கள் எங்கேயோ தப்பாகச் செலவு செய்து தொலைப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை. சிக்கல் நாட்களில் இருக்கிறது. தைப்பவர்களுக்கு ஏழு நாளில் பணம் தருகிறீர்கள், உங்களுக்குத் தொண்ணூறு நாளில் வருகிறது. இன்று அனுப்பும் பீஸுக்கான காசு கைக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட 13 சனிக்கிழமைகள் வந்து போய்விடுகின்றன. போதாததற்கு, பில் போட்ட அடுத்த மாதமே 5 சதவீத ஜிஎஸ்டியையும் கட்டியாக வேண்டும். பார்ட்டி தந்தாரா இல்லையா என்று அரசு கேட்பதில்லை. 6 லட்சம் பில்லுக்கு அதுவே 30,000 ரூபாய்.

லாபம் எங்கே போனது என்று பார்ப்போம். மாதம் 4 லட்சம் பில் போட்டபோது மூன்று மாத பாக்கி 12 லட்சம். இப்போது 18 லட்சம். ஒரே வருடத்தில் 6 லட்சம் கூடுதலாகப் பார்ட்டியிடம் போய் உட்கார்ந்துவிட்டது. உங்கள் சராசரி லாபம் மாதம் 90,000 என்று வைத்தால் வருடத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். அதில் 6 லட்சம் அங்கே, 4 லட்சத்து 80 ஆயிரம் வீட்டுச் செலவுக்கு. அவ்வளவுதான், தீர்ந்தது. மீதி எல்லாவற்றுக்கும் கடன் வாங்காமல் வேறு என்ன செய்திருப்பீர்கள்? வேலை கூடியதால்தான் பணம் இறுகியது. இதைப் புரிந்துகொள்ளாமல் இன்னும் வேலை பிடித்தால் ஓட்டை ஆழமாகும். மாதம் ஒன்றரை லட்சத்துக்குப் புதிய வேலை என்றால் மேலும் நாலரை லட்சம் வெளியே நிற்கும். நகைப் பணம் மெஷினுக்கே போய்விட்டால், அந்த மெஷினில் உட்காருபவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

நகையை வைப்பதாக இருந்தால் ஒரே காரணத்துக்கு வையுங்கள்: அந்த மூன்று வட்டியை அடைக்க. மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம், மாதம் 9,000 ரூபாய். வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டி 2,500தான். அப்புறம் வங்கியில் முத்ரா கடன் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டக் கடன்) கேளுங்கள். 10 லட்சம் வரை பிணை இல்லாமல் தருவார்கள். மெஷினுக்கு என்று கேட்காமல் நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்கு, என்று சொல்லிக் கேளுங்கள்.

பார்ட்டியிடம் பேசுவதுதான் கடினம், தெரியும். ஒரே பார்ட்டியை நம்பி இருப்பவருக்கு "சட்டம் இருக்கிறது, புகார் கொடுங்கள்" என்று சொல்வது எனக்குச் சுலபம், வேலை போனால் கஷ்டம் உங்களுக்கு. ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவது வேறு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டு முதல் இன்னொன்றும் சேர்ந்தது. மார்ச் 31 அன்று இந்தக் கெடு தாண்டி நிற்கும் பில்லை உங்கள் பார்ட்டி அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, அதற்கும் சேர்த்து வருமான வரி கட்ட வேண்டும். இது அவருடைய ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும். அதனால் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்று அரசிடம் செய்யும் பதிவு) இல்லாவிட்டால் உடனே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். பிப்ரவரி கடைசியில் நிலுவைப் பட்டியலை மரியாதையான ஒரு கடிதத்தோடு அவருடைய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். சண்டை வேண்டாம், பட்டியலே பேசும்.

கூடவே இன்னொரு பார்ட்டியைத் தேடுங்கள், ரேட் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. 90 நாளில் வரும் 20 ரூபாயைவிட 30 நாளில் வரும் 19 ரூபாய் இன்றைக்கு உங்களுக்கு மேல். மூன்று வட்டிக் கணக்கில் அந்த 60 நாள் காத்திருப்புக்கே பீஸுக்கு 1 ரூபாய் 20 காசு போகிறது. இப்போதைய பார்ட்டியிடமும் இதையே கேளுங்கள்: புது வேலையை எடுத்துக்கொள்கிறேன், அதற்கு மட்டும் 45 நாளில் பணம் வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால், மெஷினைப் பற்றி அப்போது பேசலாம்.

அதுவரை ஒரு நோட்டில் அடுத்த 13 சனிக்கிழமைகளையும் வரிசையாக எழுதி, எதிரே அந்த வாரம் வர வேண்டிய பணம், போக வேண்டிய பணம் இரண்டையும் குறியுங்கள். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், நகை அவருடையது. எழுதியதை எனக்கு அனுப்புங்கள், எந்த வாரம் இடிக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.